படத்தம்மாவின் நெற்றி

மங்களேஸ்வரி எடுத்த முதல் போட்டோவை அவள் எடுக்கவே இல்லை, அது தானாக விழுந்தது. இந்த உண்மையை அவள் இன்றுவரை மகளிடம் ஒப்புக்கொள்ளவில்லை, ஒப்புக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற மேலகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள் அவள். ஒருநாள் பாத்திரம் கழுவக் குனிந்தபோது, இடுப்பில் செருகியிருந்த செல்போன் நழுவிக் காலியான சாம்பார் அண்டாவுக்குள் விழுந்துவிட்டது. பதறி எடுத்து, முந்தானையால் துடைத்து, துடைத்த வேகத்தில் எதையெதையோ அமுக்கிவிட்டாள். அண்டாவின் உட்புறம் படமாகி, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் சுஜிதாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

உடனே போன் வந்தது.

"எம்மா, என்னதும்மா இது? நெலாவா? வட்டம் வட்டமா கோடு, நடுவுல ஒரு கறுப்புப் புள்ளி. அழகா இருக்கும்மா. எப்படி எடுத்தே?"

பாராட்டு வருகிற நேரத்தில் உண்மையைச் சொல்ல மங்களேஸ்வரி என்ன அரிச்சந்திரன் வீட்டுப் பெண்ணா? "சும்மா தோணுச்சு, எடுத்தேன்" என்றாள்.

அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. ஊரெல்லாம் காலையில் ரோஜாப்பூவும் சாமி படமும் போட்டு வணக்கம் அனுப்பிக்கொண்டிருக்க, மங்களேஸ்வரி வீட்டுச் சாமான் ஏதாவது ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்து, என்னவென்று சொல்லாமல் அனுப்புவாள். சுஜிதா பஸ்ஸில் அலுவலகம் போகிற நேரத்தில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று வாய்ப்பு. கரைந்து பாதியான சோப்பை அவள் மேகம் என்றாள். தோசைக்கல் ஓரத்தில் காய்ந்த மாவைப் பல்லியின் முதுகு என்றாள். அப்பா நெல்லையப்பன் தென்காசி மார்க்கெட்டில் வாழையிலைக் கடை வைத்திருப்பவர். அவர் வேட்டியில் ஏறிய வாழைக்கறையை மட்டும் எந்தப் பக்கமிருந்து எடுத்து அனுப்பினாலும் முதல் வாய்ப்பிலேயே சொல்லிவிடுவாள். அந்தக் கறையோடு வளர்ந்தவள் அல்லவா.

ஒருமுறை, "ஓன் படத்தையெல்லாம் ஆபீஸ்ல காட்டினேன், அப்ஸ்ட்ராக்டுன்னு சொல்லுதாங்க" என்றாள் சுஜிதா.

"அப்படின்னா என்னட்டி?"

"என்னதுன்னு தெரியாமலே புடிச்சுப் போறதும்மா."

மங்களேஸ்வரிக்கு அந்த விளக்கம் நன்றாகவே புரிந்தது. அவள் கல்யாணமே அப்படித்தான் நடந்தது.

செவ்வாய் தோஷம் என்று இருபத்தாறு வயதுவரை தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் மனைவியை இழந்த நெல்லையப்பனுக்கு இரண்டாந்தாரமாக வந்தாள். முதல் மனைவி சொக்கம்மாள் மஞ்சள் காமாலையில் போனபோது அவளுக்கு இருபத்துமூன்று வயது, கைக்குழந்தைக்குப் பத்து மாதம். மங்களேஸ்வரி வலது காலை எடுத்துவைத்து வீட்டுக்குள் வந்த அன்று அந்தக் குழந்தைக்கு இரண்டு வயது. புது அம்மாவை ஏற இறங்கப் பார்த்தது. கையிலிருந்த எவர்சில்வர் தம்ளரைக் குறிபார்த்து வீசியது. தம்ளர் நிலைப்படியில் பட்டு நசுங்கியது. அந்த நசுங்கலுக்குள் அடுப்படி ஜன்னல் கோணலாகத் தெரிவதைத்தான் மங்களேஸ்வரி போன வருஷம் படம் பிடித்து அனுப்பினாள். சுஜிதா மூன்று வாய்ப்பிலும் தோற்றுப் போனாள். தான் வீசிய தம்ளர் என்று தெரிந்ததும் போனிலேயே சிரிசிரியென்று சிரித்தாள்.

மங்களேஸ்வரிக்குத் தன் வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. இரண்டு வருஷம் திருநெல்வேலிக்கு நடையாய் நடந்தபின் டாக்டரம்மா கையை விரித்துவிட்டார். வருகிற வழியில் ஆலங்குளம்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்தால் வாசலில் சுஜிதா, ஒரு செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, "எம்மா, எனக்கு என்ன வாங்கிட்டு வந்தே?" என்று நிற்கிறாள். அதற்குமேல் எங்கே அழுவது?

அன்று மாலையே குளித்து, சந்தனம் குழைத்து, பூஜை மாடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த சொக்கம்மாள் படத்துக்குப் பொட்டு வைத்தாள். சுமங்கலியாகப் போனவள், வீட்டுக்குத் தெய்வம். அதனால் அந்தப் படத்துக்கு வெள்ளிக்கிழமைதோறும் பொட்டும் பூவும் உண்டு. அதுவரை கடமைக்கு வைத்துக்கொண்டிருந்தவள், அன்றுமுதல் மனதார வைத்தாள். "அக்கா, ஒங்க புள்ள நல்லாருக்கா. ஒங்க புண்ணியத்துல என்னையும் ஒருத்தி அம்மான்னு கூப்புடுதா" என்று சொல்லிவிட்டுத்தான் கையை எடுப்பாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். பிள்ளையையே தந்தவளை எப்படி மறப்பது? காய்ச்சலென்று படுத்த நாளிலும் எழுந்துபோய்ப் பொட்டு வைத்திருக்கிறாள். சின்ன வயதில் சுஜிதா அந்தப் படத்துக்குப் 'படத்தம்மா' என்று பெயர் வைத்தாள். வீட்டில் எல்லோருக்கும் அதுவே நிலைத்துவிட்டது.

சொக்கம்மாளுக்கு இருந்தது அந்த ஒரு படம்தான். வாக்காளர் அட்டைக்குப் படம் பிடிக்க ஆள் வந்த அன்று அவள் ஆலங்குளத்தில் பிறந்த வீட்டில் இருந்தாள். கல்யாண ஆல்பம் அவள் அம்மாவிடம் இருந்தது; பார்த்துப் பார்த்து அந்த அம்மா சோறு தண்ணி இறங்காமல் கிடந்ததால், அவள் அப்பா அதை ஆற்றோடு விட்டுவிட்டார். மிச்சம் இந்தப் படம். அகலமான நெற்றி, இடது புருவத்தில் சின்னத் தழும்பு, மூடிய உதட்டைத் தாண்டி எட்டிப் பார்க்கும் ஒரு பல், நீலக்கரைச் சேலை.

இந்த ஆவணியில் சுஜிதாவுக்குக் கல்யாணம் என்று நிச்சயமானது. மாப்பிள்ளை உமாசங்கர் செங்கோட்டைக்காரர், அவளோடு வேலை பார்ப்பவர். நெல்லையப்பனின் அக்கா பேராச்சி கீழப்பாவூரிலிருந்து வந்து ஒரு வாரம் தங்கி, பந்தல்காரர் முதல் பாயசம்வரை எல்லாவற்றுக்கும் உத்தரவு போட்டாள். அதில் ஓர் உத்தரவு மங்களேஸ்வரிக்கு.

"பெத்தவ படத்தப் பெருசாக்கி மணவறைப் பக்கத்துல நாற்காலி போட்டு வைக்கணும். அவ பாத்துக்கிட்டு இருக்கத்தான் தாலி ஏறணும். இதுல ஒண்ணும் கொறை வச்சிராத, கேட்டியா?"

"அதச் சொல்லணுமா மைனி" என்றாள் மங்களேஸ்வரி. அவளுக்கும் அதே ஆசைதான்.

சாரல் பிடித்திருந்த ஆனி மாதம். துணி காயாது, உப்பு கசியும், தீப்பெட்டியை அடுப்போரம் வைத்தால்தான் பற்றும். ஒரு சனிக்கிழமை மங்களேஸ்வரி நாற்காலி போட்டு ஏறிப் படத்தை இறக்கினாள். பிளாஸ்டிக் மாலையைக் கழற்றி, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள். நெற்றிப் பக்கம் கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தது, அதன் நடுவில் விரல்நுனி அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. ஒட்டடைக் கம்பு பட்டு என்றைக்கோ விழுந்த கீறல். அவளுக்கு நினைவே இல்லை. அதன்மேல்தான் இத்தனை வருஷமும் ஈரச் சந்தனத்தை அழுத்தி வைத்திருக்கிறாள். சந்தனம் உள்ளே இறங்கி, ஒவ்வொரு சாரலுக்கும் ஊறி, குங்குமத்தையும் சேர்த்துக்கொண்டு முகம் முழுக்கப் பரவியிருந்தது.

கண்ணாடியை எடுத்துவிட்டுத் துடைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். இருபத்தைந்து வருஷமாகப் பாத்திரம் தேய்க்கிறவளின் கை, கறை என்றால் சும்மா இருக்குமா? பின்பக்க ஆணிகளை நெம்பினாள். அட்டையை எடுத்தாள். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. ஓர் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தாள். கரை வந்தது, தோள் வந்தது. முகம் வரவில்லை. அது கண்ணாடியிலேயே தங்கி, விரல் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கையில் மிஞ்சிய தாளில் கீழே கொஞ்சம் நீலக்கரை இருந்தது. மேலே மஞ்சளும் செம்பழுப்புமாக ஒரு திட்டு.

"ஐயோ அக்கா" என்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முகம் போனது இன்றைக்கு இல்லை என்பது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. எப்போதோ அழியத் தொடங்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் நேருக்கு நேர் பார்த்தும் அவளுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அந்த முகம் அவளுக்கு மனப்பாடம். சுஜிதாவுக்கும் தெரியவில்லை. உயரத்தில், மாலைக்குள், சந்தனத்துக்குப் பின்னால் படத்தம்மா எப்போதும் இருப்பாள் என்பதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

தென்காசியில் பென்னி என்பவரின் ஸ்டூடியோவுக்குத் தாளையும் கண்ணாடியையும் ஒரு டிபன்பாக்ஸில் வைத்து எடுத்துக்கொண்டு ஓடினாள். பென்னி இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யக்கா, கண்ணாடியோடயே கொண்டாந்திருந்தியன்னா எப்படியாச்சும் ஒப்பேத்தியிருப்பேன். யாரு பிரிச்சா?"

"நான்தான்."

அவள் முகத்தைப் பார்த்த பென்னி அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நல்ல மனுஷர். "இப்பத்தான் ஏஐ வந்துட்டுல்லா. ஆளு எப்படி இருப்பாவன்னு சொல்லுங்க, முகத்த வரவச்சிருவோம்" என்று உட்காரவைத்தார். அவள் நெற்றியைச் சொன்னாள், தழும்பைச் சொன்னாள், பல்லைச் சொன்னாள். அரைமணி நேரத்தில் திரையில் ஒரு பெண் வந்து சிரித்தாள். பால் போன்ற நிறம், முத்துமுத்தாகப் பல், நகைக்கடை விளம்பரத்துக்கு நிற்கிறவள் போலப் புருவம்.

ஒரு நிமிஷம் மங்களேஸ்வரிக்கு ஆசை வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். யாருக்குத் தெரியப் போகிறது? சுஜிதாவுக்குப் பெற்றவள் முகம் நினைவில்லை. நெல்லையப்பனுக்கு நேற்றுக் கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடி எங்கே என்று தெரியாது. பேராச்சிக்கு இரண்டு கண்ணிலும் புரை. இந்தப் படத்தை வைத்துவிட்டால், 'முன்னவ முகத்தைச் சுரண்டினவ' என்ற பேச்சு தன் தலையில் விழாது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பது ஊருக்கே உலை வைக்கிறவளுக்குத் தெரியாதா? ஆனால் அவள் பயந்தது ஊருக்கு இல்லை. அந்த முகத்தைத் தன்னிடம் நம்பி விட்டிருந்த மகள் என்ன நினைப்பாள் என்றுதான்.

திரையில் சிரித்தவளை இன்னொரு முறை பார்த்தாள்.

"வேண்டாம் தம்பி. நல்லாத்தான் இருக்கா. ஆனா இவ யாருன்னு எனக்குத் தெரியலயே. இவளுக்கு நான் எப்படிப் பொட்டு வைப்பேன்?"

நெல்லையப்பனிடம் சொன்னபோது அவர் தாளைக் கையில் வாங்கினார். "நீ வேணும்னேவா செஞ்சே? விடு, மங்கா" என்றார். அந்த நீலக்கரையை மட்டும் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். ஆலங்குளத்தில் இருக்கும் சொக்கம்மாளின் தம்பி விஜயசங்கருக்குப் போன் போட்டுக் கேட்டார். அங்கேயும் ஒன்றும் இல்லை.

நாலு நாள் மங்களேஸ்வரி மகளுக்குப் படம் அனுப்பவில்லை. "என்னம்மா, வீட்ல சாமானெல்லாம் தீந்துபோச்சா?" என்று சுஜிதா கேட்டதற்கு, மழை, சளி என்று எதையோ சொன்னாள். வெள்ளிக்கிழமை வந்தது. சந்தனம் குழைத்துவிட்டாள். வைப்பதற்கு இடம் இல்லை. கிண்ணத்தோடு அப்படியே நின்றவளுக்கு, இனி ஒருநாளும் தாங்காது என்று தோன்றியது. வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை. தாளை ஜன்னலோரம் வைத்து, கிட்டத்தில் போய்ப் படம் எடுத்து, வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிட்டாள்.

"இந்த வருஷத்துலயே சூப்பர் இதுதாம்மா!" என்று பதில் வந்தது. "மஞ்சத்தூள் டப்பா மூடி?"

இல்லை என்று அனுப்பினாள்.

"நம்ம பின்வாசல் செவுரு, பாசி புடிச்சிருக்குமே அது?"

இல்லை.

"புதுவெள்ளம் வரும்போது குத்தாலம் மெயினருவி. தண்ணி இப்படித்தான் செகப்பா வரும். ஆனா அது வீட்டுச் சாமான் இல்லயே. தோத்துட்டேன், சொல்லு."

மங்களேஸ்வரி போன் போட்டாள். "சுஜி, அது ஓன் படத்தம்மா" என்றாள். கண்ணாடி, கீறல், சந்தனம், தன் கை என்று மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஏஐ பெண்ணையும், ஒரு நிமிஷம் வந்த ஆசையையும்கூட மறைக்கவில்லை. "ஒனக்குப் பெத்தவ மொகம் இல்லாம ஆக்கிட்டேனே தாயி" என்று முடித்தாள்.

அந்தப் பக்கம் பஸ் சத்தம் மட்டும் கேட்டது. கண்டக்டர் யாரையோ உள்ளே தள்ளிப் போகச் சொன்னார்.

"அதத் தொடச்சு கிடச்சு வைக்காத. நான் நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு சுஜிதா போனை வைத்துவிட்டாள். அது கோபமா வருத்தமா என்று தெரியாமல் மங்களேஸ்வரி அன்று சத்துணவுச் சாம்பாரில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். பிள்ளைகள் முகம் சுளித்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் வந்த சுஜிதா பையை இறக்கிவைத்துவிட்டு நேரே ஜன்னலுக்குப் போனாள். தாளை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். கண் கலங்கித்தான் இருந்தது. பெற்றவள் முகம் போனது அவளுக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். பிறகு, "எம்மா, ஓன் கையக் காட்டு" என்றாள்.

மங்களேஸ்வரி கையை நீட்டினாள். சுஜிதா அவள் மோதிர விரலைப் பிடித்துத் தாளின் மேல்பக்கம் கொண்டுபோனாள். காய்ந்த சந்தனத்தில் ஒரு விரலின் ரேகை கோடு கோடாகப் படிந்திருந்தது. சில்லு பெயர்ந்த இடத்தில் அழுத்தி அழுத்தி, எந்த வருஷத்திலோ பதிந்தது.

"இது நீதான?"

"ஆமாட்டி. நான்தான். அதத்தான சொல்லுதேன்."

"எத்தன தடவ நெனச்சிருக்கேன் தெரியுமா? எல்லாருக்கும் அம்மாவோட ஒரு போட்டோ இருக்கு. எனக்கு ரெண்டு அம்மா, ரெண்டு பேரும் சேந்து நிக்க மாதிரி ஒண்ணு கெடயாதேன்னு. இதுல கீழ அவுக சேலை, மேல ஓன் வெரலு. நீங்க ரெண்டு பேரும் ஒரே படத்துல இருக்கது இது ஒண்ணுதாம்மா."

அதன்பிறகு யார் முதலில் அழுதார்கள் என்பதில் இருவருக்கும் இன்னும் தகராறு இருக்கிறது. நெல்லையப்பன் கடையிலிருந்து வந்தபோது வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவில்லை. அவர் ஒன்றும் கேட்காமல் போய்ப் பரோட்டா வாங்கிவந்தார்.

சுஜிதா தானே அந்தத் தாளைப் படம் எடுத்து, பென்னியிடம் கொடுத்து, ஆள் உயரத்தில் பாதிக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்டாள். முகம் கிகம் எதுவும் சேர்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். ஆவணி முகூர்த்தத்தன்று மண்டபத்தில், மணவறைக்குப் பக்கத்து நாற்காலியில் அது இருந்தது. மஞ்சளும் சிவப்பும் பழுப்புமாக ஒரு பரப்பு, அடியில் நீலமாக ஒரு கோடு. செங்கோட்டைச் சம்பந்தி வீட்டார் அதை மண்டபத்துக்காரர் வைத்த அலங்காரம் என்று நினைத்து, நன்றாக இருக்கிறது என்றார்கள்.

பேராச்சி அப்படி ஏமாறுகிறவள் இல்லை. விஷயம் அவள் காதுக்கு ஏற்கெனவே போயிருந்தது. கிட்டத்தில் வந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, நாலு பேர் கேட்கவே சொன்னாள்: "மொகத்தத்தான் இல்லாம ஆக்கிட்டே. பொட்டு வைக்காம கல்யாணத்த ஆரம்பிக்கக் கூடாது. இப்ப எங்கன கொண்டு வைக்கப் போறே?"

மங்களேஸ்வரியின் கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது. ஏழெட்டு வெள்ளிக்கிழமையாகப் பொட்டு வைக்காத கை. பேராச்சி கேட்டதில் தப்பில்லை, எங்கே வைப்பது? கண்ணுக்கு முன்னால் வெறும் நிறம்தான் இருந்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஐயர் நேரமாகிறது என்று சைகை காட்டினார்.

கூறைச்சேலையில் இருந்த சுஜிதா மணையிலிருந்து எழுந்து வந்தாள். மணப்பெண் எழுந்திருக்கக் கூடாது என்று யாரோ சத்தம் போட்டார்கள், அவள் காதில் வாங்கவில்லை.

"நீ வைம்மா" என்றாள். "ஓன் கைக்குத் தெரியாத நெத்தியா?"

மங்களேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். மூடியதும் சொக்கம்மாள் வந்துவிட்டாள். அகல நெற்றி, புருவத் தழும்பு, எட்டிப் பார்க்கும் அந்தப் பல். விரல் எங்கும் தேடவில்லை, தயங்கவில்லை. நடுவிலிருந்து கொஞ்சம் இடதுபக்கமாகப் போய், தானாகவே ஓரிடத்தில் நின்று அழுத்தியது.

"அக்கா, வந்திருங்க" என்றாள். "நம்ம புள்ளைக்குக் கல்யாணம்."